சிவப்பு குறைந்தால் கண் சரியாகிவிட்டதா?

கேள்வி: என் மகள் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாதம் ஒருமுறை மாற்றும் கான்டாக்ட் லென்ஸ் அணிகிறாள். ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்தவள் லென்ஸோடு ஆற்றில் குளித்தாள். லென்ஸைக் கழுவி ஊறவைக்கும் கிருமிநாசினித் திரவமான சொல்யூஷன் தீர்ந்துபோனதால் இரண்டு இரவு, கொதித்து ஆறிய தண்ணீரில் லென்ஸைப் போட்டு வைத்தாள். கண் சிவந்து உறுத்தியது. லென்ஸ் வாங்கிய கடையில் தந்த சொட்டு மருந்தில் சிவப்பு குறைந்தது. வெளிச்சம் மட்டும் கூசுகிறது. அதே லென்ஸைப் போடலாமா?
– ஒரு தாய், திருவையாறு

பதில்: போடக் கூடாது, அம்மா. இன்றைக்கே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வெளிச்சம் கூசுகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது அதுதான்.

லென்ஸைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டப்பாவையும் அந்தச் சொட்டு மருந்தையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். கருவிழியில் புண் இருந்தால், என்ன கிருமி என்று கண்டுபிடிக்க அவை உதவும்.

ஆறு, குளம், போர் தண்ணீர், வீட்டுத் தொட்டி எல்லாவற்றிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கக்கூடும். அது தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டால் குழாய்நீரில் கலக்கும் குளோரினுக்கும் சாகாது. காவிரியில் முழுகுகிற எல்லார் கண்ணிலும் அது படலாம். பெரும்பாலும் கண்ணீரே கழுவிவிடும். லென்ஸ் போட்டவருக்கோ அது லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழியை விட்டு நகராமல் இருந்துவிடுகிறது.

கொதிக்க வைத்தோமே என்பீர்கள். கொதியில் கிருமி சாகும், உண்மை. ஆறிய பிறகு தம்ளர், விரல், டப்பா வழியாக வந்து சேர்வதைக் கொல்ல அந்தத் தண்ணீரில் எதுவும் இல்லை. மென்மையான லென்ஸ் வெறும் தண்ணீரில் ஊறி வடிவம் மாறி, கண்ணில் இறுக ஒட்டிக்கொள்ளவும் செய்யும். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் என்ற உப்புநீரும் கிருமியைக் கொல்லாது. சொல்யூஷன் தீர்ந்த அன்று மூக்குக்கண்ணாடி போட வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்தக் கடை மருந்து. சிவப்பு சட்டென்று மறைந்தால் அது ஸ்டீராய்டு கலந்ததோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். ஸ்டீராய்டு சிவப்பை அடக்கும். கண்ணின் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்கும். அடியில் கிருமி தடையில்லாமல் வளரும். சம்பா அறுவடையில் நெல்லோ வைக்கோலோ கண்ணில் பட்டுப் பூஞ்சைப் புண்ணோடு வருகிறவர்களிடம் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டால், “கடையில் கொடுத்தார்கள்” என்பார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அந்த மருந்தின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்க்க வேண்டிய அதிகாரிகள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கண்ணாடி விற்பவர் மருந்து தருகிறார். கல்யாண அலங்காரத்துக்கு வருபவர் ஒரே நிற லென்ஸை இன்றொரு மணப்பெண்ணுக்கும் நாளை இன்னொருத்திக்கும் மாட்டுகிறார். கேட்பாரில்லை. பறிபோவது பார்வை.

“பக்கத்து வீட்டுக்காரர் லென்ஸோடு ஒரு வாரம் தூங்கினாரே” என்றும் சிலர் கேட்கிறார்கள். அது கண்ணுக்குக் கட்டுப் போடுவது போன்ற லென்ஸ். அறுவை சிகிச்சைக்குப் பிறகோ கருவிழி சிராய்த்தாலோ மருத்துவரே வைப்பார், எடுப்பார். கூடவே கிருமிநாசினிச் சொட்டும் தருவார், மறுபடி வரும் தேதியும் குறித்துக் கொடுப்பார். அவருக்குத் தந்த அனுமதி உங்கள் மகளுக்கு இல்லை. அவள் பகலில் அரைமணி நேரம் கண்ணயர்வதானாலும் கழற்றிவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

மருத்துவர் சரி என்ற பிறகு புது லென்ஸ், புது டப்பா. சோப்புப் போட்டுக் கைகழுவி, ஈரமின்றித் துடைத்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும். கழற்றியதும் உள்ளங்கையில் சொல்யூஷன் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பழைய சொல்யூஷனைக் கொட்டாமல் மேலே புதிதை ஊற்றுவது கூடவே கூடாது. டப்பாவையும் சொல்யூஷனாலேயே அலசிக் கவிழ்த்து உலர்த்தி, 3 மாதத்துக்குள் மாற்றுங்கள். மாத லென்ஸுக்குக் கணக்கு உறை பிரித்த நாளிலிருந்து. போட்ட நாட்களை மட்டும் எண்ணுவது தவறு.

மருத்துவரிடம் ஆற்றில் குளித்ததையும் தண்ணீரில் போட்டு வைத்ததையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். திட்டு விழும் என்று பிள்ளைகள் மறைக்கிறார்கள். அமீபாவுக்கு மருந்தே வேறு. தொடக்கத்தில் இரவும் பகலும் மணிக்கொருமுறை ஊற்றி, பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டிவரும். அவள் சொன்னால்தான் மருத்துவர் முதல் நாளே அதைத் தேடுவார்.