மின்சாரக் காரும் மலைப்பாதையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 30 யூனிட் பேட்டரி உள்ள கார். முழு சார்ஜில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று காட்டுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி 50 கிலோமீட்டர்தான். ஆனால் மேலே போய்ச் சேரும்போது பாதி சார்ஜ் காலி. பேட்டரியில் கோளாறா?
(மேட்டுப்பாளையம் வாசகர்)

கோளாறு இல்லை. மலையில் கிலோமீட்டரை எண்ணினால் கணக்கு உதைக்கும், உயரத்தை எண்ண வேண்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். காரும் ஆட்களும் பெட்டிகளுமாக 1,700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையை 1,900 மீட்டர் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 9 யூனிட் வேண்டும். மோட்டாரிலும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரிலும் போகும் நஷ்டத்தைச் சேர்த்தால் 10. சக்கரம் உருள்வதற்கும் விளக்கு, வைப்பர் வகையறாவுக்கும் 4 முதல் 5. ஆக 14, 15 யூனிட். உங்கள் பேட்டரியில் அது சரிபாதி.

மனக்கணக்குக்கு ஒரு வழி: 100 மீட்டர் ஏற்றத்துக்கு அரை யூனிட், அதற்கு மேல் 10 கிலோமீட்டருக்கு ஒரு யூனிட். கோத்தகிரி வழியாகப் போனாலும் இதே கணக்குதான். தூரம் கொஞ்சம் கூடும், உயரம் மாறாது.

ஏறி முடித்ததும் திரையில் 'இன்னும் 60 கிலோமீட்டர்தான்' என்று காட்டினால் பதற வேண்டாம். கடைசியாக ஓட்டிய ஓட்டத்தை வைத்துத்தான் அது ஊகிக்கிறது. இறங்கி முடித்ததும் அதே திரை 350 என்று ஆசை காட்டும், அதையும் நம்ப வேண்டாம். மலையில் சதவீதம் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: இறங்கும்போது சார்ஜ் ஏறும் என்கிறார்கள். ஆனால் காலையில் ஊட்டியில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ரீஜென் (மோட்டாரே வண்டியைப் பிடித்து, மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு அனுப்பும் வசதி) வேலையே செய்வதில்லை. கார் பிடிக்காமல் ஓடுகிறது. ஏன்?
(லவ்டேல் வாசகி)

நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது அல்லவா? பேட்டரியில் இடமில்லாவிட்டால் மோட்டார் உண்டாக்கும் மின்சாரம் போக இடமில்லை. அதனால் கார் ரீஜெனைத் தானாகவே குறைத்துவிடும். வண்டியைப் பிடிக்கும் வேலை முழுவதும் பிரேக் பேடுக்கு வந்துவிடும். குன்னூருக்குக் கீழே உள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் கருகும் வாடை வரும். அதற்குப் பிறகும் மிதித்தால் பிரேக் பிடிப்பு குறையும்.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கினால் நிகரமாக 3 யூனிட் அளவுக்கு பேட்டரிக்குத் திரும்பும். 30 யூனிட் பேட்டரியில் 10 சதவீதம், 40 யூனிட் பேட்டரியில் 7 அல்லது 8. எனவே இறங்கும் நாளில் 80 முதல் 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிடுங்கள். சார்ஜ் வரம்பு வைக்கும் வசதி காரிலோ செயலியிலோ இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் பேட்டரி குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்த செல் வேகமாக சார்ஜ் வாங்காது. 70 சதவீதம் இருந்தாலும் முதல் சில கிலோமீட்டர் ரீஜென் மந்தமாகத்தான் இருக்கும். குன்னூர் வரை ரோடு அவ்வளவு செங்குத்தில்லை என்பதால் அதற்குள் பேட்டரி ஓரளவு சூடாகும்.

பெட்ரோல் காரில் சிலருக்கு இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் உண்டு. அங்கேயே அது ஆபத்து. இங்கே நியூட்ரல் போட்டால் ரீஜென் சுத்தமாக நின்றுவிடும். டி-யிலேயே வைத்து ரீஜெனைக் கூட்டுங்கள். மழையில் இலை ஒட்டிக் கிடக்கும் வளைவில் மட்டும் ஒரு படி குறையுங்கள். மோட்டார் முன்சக்கரத்தை ஓட்டும் வண்டியில் முழு ரீஜெனும் முன்டயரில்தான் இழுக்கும், வழுக்கும்.

கேள்வி: பழைய ஓட்டு வீடு. புதிதாக 15 ஆம்பியர் பாயிண்ட் போட்டும் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது. எர்த் சரியில்லை என்கிறது. அதே பாயிண்டில் கீசர் ஓடுகிறது. வயர்மேன், 'நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள் சேர்த்துவிட்டால் ஓடும்' என்கிறார். செய்யலாமா?
(கேத்தி வாசகர்)

கூடவே கூடாது. அப்படி ஏமாற்றினால் சார்ஜர் பச்சை விளக்கு காட்டும், ஆனால் என்றாவது நியூட்ரல் ஒயர் அறுந்தால் காரின் உடம்பு முழுக்கக் கரண்ட் இருக்கும். ஈரத் தரையில் நின்று கதவைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

கீசர் எர்த் இல்லாமலும் சூடாகும். கார் சார்ஜர் மட்டும் எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் கரண்டை விடும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் காட்டினால், பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. 40, 60 என்று ஆடினால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது.

பழைய மலை வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் குழாய். அந்தக் காலத்தில் எர்த் ஒயரை இரும்புக் குழாயில் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். பிறகு குழாய் பிவிசியாக மாறியிருக்கும். ஒயர் மட்டும் அப்படியே சுவரோரம் தொங்கிக்கொண்டிருக்கும், எதையும் தொடாமல்.

புதிதாக எர்த் குழி போடுவதே தீர்வு. பாறையில் தோண்டிப் பயனில்லை. வீட்டின் கீழ்ச்சரிவில், ஈரம் நிற்கும் இடமாகப் பாருங்கள். எட்டு அடியாவது இறங்க வேண்டும். பாறை தட்டினால் அதே இடத்தில் மல்லுக்கட்டாமல், குழியில் இறக்கும் எர்த் கம்பியின் நீளம் அளவுக்கு இடைவெளி விட்டு இரண்டாவது குழி போட்டு இரண்டையும் இணைத்துவிடலாம். எர்த்தின் மின்தடை 5 ஓமுக்குள் வந்தால் நல்லது. பிப்ரவரி முதல் மழை வரும்வரை குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கோடையில் மட்டும் சார்ஜர் முரண்டு பிடித்தால் காரணம் காய்ந்த மண்தான்.

பாயிண்டுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்). சாதாரண சாக்கெட் பல மணி நேர லோடைத் தாங்காது. உள்ளே பிடி தளர்ந்து கருகும். நீல நிற வட்ட இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட்டால் நிம்மதி. சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரத்தில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள்.

சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் வேக சார்ஜர் பெட்டி தேவையா என்று பலரும் கேட்கிறார்கள். தினம் குன்னூர்–ஊட்டி போய்வர 38 கிலோமீட்டர், ஆறேழு யூனிட். 15 ஆம்பியரில் இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும். டாக்ஸி ஓட்டாதவருக்கு அந்தச் செலவு வீண்.

கேள்வி: மாலையில் சார்ஜ் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. இரவு 11 மணிக்கு மேல் சரியாக ஏறுகிறது.
(மஞ்சூர் வாசகர்)

லைன் கடைசியில் இருக்கும் வீடு போலிருக்கிறது. ஊரே அடுப்பும் கீசரும் போடும் நேரத்தில் 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜர் கையை விரித்துவிடும். டைமரை 11 மணிக்கு மேல் வையுங்கள். விடியற்காலைக்குத் தள்ள வேண்டாம், குளிர்ந்த பேட்டரி வேகமாக சார்ஜ் வாங்காது. மாலை ஓட்டத்தின் சூடு 250, 300 கிலோ எடையுள்ள பேட்டரியில் சில மணி நேரம் நிற்கும், விடிவதற்குள் போய்விடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் போவது புதிதல்ல. ஜூன் முதல் டிசம்பர் வரை 50 சதவீதத்துக்குக் கீழே விடாதீர்கள்.

கட்டணத்தில் ஒரு கண் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை கிடைக்கும் மலிவு விலையும் கைவிட்டுப் போகும்.

கேள்வி: பனிமூட்டத்தில் ஹீட்டர் போட்டால் சார்ஜ் கொட்டுகிறதே?
(கோத்தகிரி வாசகி)

கண்ணாடி தெளிய, வெளிக்காற்று வரும்படி வைத்து, ஏசியையும் சூட்டையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும். உள்காற்றையே சுழலவிட்டால் எவ்வளவு சூடாக்கினாலும் மங்கல் திரும்பி வரும். தெளிந்ததும் சூட்டைக் குறையுங்கள். தொடக்கத்தில் ஹீட்டர் 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். குளிருக்கு ஸ்வெட்டர் மலிவு.

கேள்வி: சமவெளியில் காற்றடித்துவிட்டு மேலே வந்தால் டயர் காற்று குறையுமா?
(கூடலூர் வாசகர்)

குளிரால் நாலு பிஎஸ்ஐ குறையும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் மூன்று கூடும். கடைசியில் ஒன்று குறைந்தாற்போல்தான் காட்டும். மேலே வந்து, டயர் ஆறிய பின் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

கேள்வி: மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்தால் கார் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் 60 சதவீதம் இருந்தது.
(வெலிங்டன் வாசகர்)

இறங்கியது 12 வோல்ட் சின்ன பேட்டரி. கதவு, திரை, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே எல்லாம் அதில்தான் இயங்குகின்றன. ரிமோட்டுக்குள் இருக்கும் சாவியால் கதவைத் திறந்து, பானெட்டுக்குள் உள்ள 12 வோல்ட் முனையில் வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுங்கள். ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடக் கூடாது. அப்படியும் எழவில்லை என்றால் கயிறு கட்டி இழுக்காதீர்கள். ஓட்டும் சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கி இன்வெர்ட்டரைக் கெடுக்கலாம். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியாகக் கேட்டு வாங்குங்கள்.