படை விமானி பயணிகள் விமானத்துக்கு மாறும்போது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

2023-ஆம் ஆண்டில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை கொடுத்ததிலிருந்து, படையை விட்டு விமான நிறுவனத்தில் சேர எண்ணும் அதிகாரிகளிடமிருந்தும் அவர்கள் குடும்பத்தாரிடமிருந்தும் கடிதங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. விமானப்படையில் போக்குவரத்து விமானங்களை ஓட்டிவிட்டு, இப்போது சிமுலேட்டரில் பிறருக்குப் பயிற்சி தருபவன் என்ற முறையில், திரும்பத் திரும்ப வரும் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எழுதியவர்கள் யார் என்று தெரியாதிருக்க விவரங்களைச் சற்றே மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: தஞ்சாவூரில் சுகோய்-30 போர் விமானம் ஓட்டும் விங் கமாண்டர் நான். வயது 40, பணிக்காலம் 18 ஆண்டு, பறந்த நேரம் ஏறத்தாழ 1,700 மணி. என் பேட்ச் நண்பர்கள் இருவர் ஏற்கெனவே விலகி நிறுவனங்களில் சேர்ந்துவிட்டார்கள். நானும் இப்போதே விலகல் விண்ணப்பம் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், குறைந்தது இன்னும் இரண்டு ஆண்டுக்காவது. அதிகாரிகளுக்கு ஓய்வூதியத் தகுதி 20 ஆண்டுப் பணியில்தான் வருகிறது. 18-இல் கிளம்பினால், ஆயுள் முழுதும் வரவேண்டிய ஒரு வருமானத்தை, இரண்டு ஆண்டு முன்னதாகக் கிடைக்கும் சம்பளத்துக்காக விட்டுக்கொடுத்தவர் ஆவீர்கள். தாமே கேட்டு முன்கூட்டி விலகுகிறவர்களை ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் கொண்டுவர 2015 நவம்பரில் வந்த அரசாணை இடம் தரவில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலும், விண்ணப்பம் கொடுத்த உடனே விடுவிப்பு கிடைத்துவிடும் என்பதும் இல்லை. படையின் தேவையைப் பார்த்துத்தான் அனுமதி வரும்.

அந்த இரண்டு ஆண்டு வீண் அல்ல. முதல் வேலை மருத்துவச் சான்று. படையில் ஏ-1 என்ற முழு மருத்துவத் தகுதியில் இருக்கிறோம், சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ கேட்கும் மருத்துவம் வெறும் சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு கணக்குகள். இரண்டாம் வகுப்புப் பரிசோதனையை முடித்து, பிறகு முதல் வகுப்புப் பரிசோதனைக்கு பெங்களூரில் உள்ள விமான மருத்துவ நிறுவனத்துக்கோ டெல்லியில் உள்ள விமானப்படை மத்திய மருத்துவ மையத்துக்கோ போகலாம். அதிக ஜி-விசையில் ஆண்டுக்கணக்கில் பறந்தவர்களுக்குக் கழுத்து, முதுகெலும்புச் சிக்கல்கள் இருப்பது அரிதல்ல. எப்போதாவது ஆபத்தில் விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியேற நேர்ந்தவர்கள் பழைய எக்ஸ்-ரே, எம்ஆர்ஐ, மருத்துவக் குழு முடிவு அனைத்தையும் ஒரே கோப்பில் கட்டிவைத்துக்கொண்டு போக வேண்டும். கையில் முதல் வகுப்புச் சான்று இல்லாமல் விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதை நான் ஒருவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது பறப்புக் குறிப்பேடு. பயணிகள் விமானக் கேப்டனுக்கு வேண்டிய ஏடிபிஎல் உரிமத்துக்கு மொத்தம் 1,500 மணி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதற்குள் இரவுப் பறப்பு 100 மணி, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 100 மணி இருக்க வேண்டும் என்பதில்தான் போர் விமானிகள் இடறுகிறார்கள். ஒரு சார்ட்டி, அதாவது ஏறி இறங்கும் ஒரு பறப்பு, ஒரு மணி நேரம், அதுவும் பெரும்பாலும் தெளிந்த பகல் வானில் என்று ஓடிய வாழ்க்கையில் இந்தப் பத்திகள் மெலிந்தே இருக்கும். இன்று இரவே குறிப்பேட்டை விரித்து அந்த இரண்டு பத்திகளைக் கூட்டிப் பாருங்கள். குறைந்தால், ஸ்குவாட்ரனில் இருக்கும்போதே இரவுப் பறப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்திலும் தேவையான சான்றொப்பம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். விலகிப் போன பிறகு, மாற்றலாகிவிட்ட பழைய கமாண்டிங் ஆபீசர்களைத் தேடி அலைவது பெரும் பாடு. டிஜிசிஏ தேர்வுகளில் தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும். உங்களைப் போன்றவர்களை உண்மையில் உட்கார வைப்பது வான் ஒழுங்குவிதிகள் தாள்தான், ஏனென்றால் பறக்கும் அனுபவம் அதில் கைகொடுக்காது. புத்தகத்தைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் பி-8ஐ கடல் ரோந்து விமானம் ஓட்டிய கடற்படை அதிகாரி நான். அது போயிங் 737-800-இலிருந்து உருவானதுதானே? நேரடியாக 737-இல் உட்கார்ந்துவிட முடியாதா?

பதில்: மற்றவர்களைவிட நீங்கள் வெகுதூரம் முன்னால் நிற்கிறீர்கள் என்பது உண்மை. இரு எஞ்சின், இருவர் ஓட்டும் காக்பிட், செக்லிஸ்ட் பழக்கம், அதே உடலமைப்பு எல்லாம் உங்களுக்குப் பழகியவை. 737 வைத்திருக்கும் ஆகாசா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்றவை உங்களை ஆர்வத்தோடு பார்க்கும். ஆனால் கடற்படையில் பெற்ற தகுதி தானாகவே சிவில் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி) ஆகிவிடாது. உங்கள் ஆவணங்களைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியது டிஜிசிஏ. சுருக்கப் பயிற்சி கிடைக்கும் என்று நம்பி நாளையும் பணத்தையும் திட்டமிடாதீர்கள். முழுப் பயிற்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கடல்மேல் நீண்ட நேரம் ரோந்து சுற்றிவிட்டு ஒருமுறை தரையிறங்கியவர் நீங்கள். இங்கே ஒரே நாளில் நான்கு தரையிறக்கம், ஒவ்வொன்றுக்கும் நடுவே அடுத்த பறப்புக்குத் தயாராக அரை மணி நேரம்தான். சிமுலேட்டரில் நான் பார்த்த வரையில் ரோந்து விமானிகளைத் திணறடிப்பது பறப்பது அல்ல, இந்த அவசரம்.

கேள்வி: சூலூரில் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஓட்டுகிறேன். பதினான்கு ஆண்டுக் குறுகிய காலப் பணி அடுத்த ஆண்டு முடிகிறது. ஓய்வூதியம் கிடையாது. ஏர்பஸ் ஓட்ட வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் நீண்டது, செலவும் அதிகம். ஹெலிகாப்டர் மணிகள் விமான உரிமத்துக்கு முழுமையாகக் கைகொடுக்காது. அகாதமியில் தொடக்கப் பயிற்சியில் விமானத்தில் பறந்த மணிகளை வைத்துக்கொண்டு, மீதியைப் பயிற்சிப் பள்ளியில் சொந்தப் பணத்தில் பறந்து, பிறகு டைப் ரேட்டிங் கட்டணமும் கட்ட வேண்டும். ஓய்வூதியம் இல்லாத நிலையில் கைக்கு வரும் பணிக்கொடையை இதில் கொட்டுவதற்கு முன், ஹெலிகாப்டர் உரிமம் எடுத்து, கடலில் எண்ணெய்க் கிணறு மேடைகளுக்குப் பறக்கும் வேலையைப் பாருங்கள். பவன் ஹன்ஸ் 1985-இல் தொடங்கப்பட்டதே பெரிதும் அதற்காகத்தான். எம்ஐ-17 ஓட்டியவரின் கைக்கு அங்கே மதிப்பு உண்டு. அங்கே சம்பாதித்துக்கொண்டே விமான உரிமத்தை மெல்ல எடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: 20 ஆண்டு முடித்து விலகி, துணை விமானியாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஓய்வூதியத்தில் பாதியைத் தொகுத்து, அதாவது மாதாமாதம் வாங்காமல் முன்கூட்டியே மொத்தமாகப் பெற்று, அதை முன்பணமாகக் கட்டி, பழைய மகாபலிபுரம் சாலையில் இரண்டரைக் கோடிக்கு ஃபிளாட் வாங்க எண்ணுகிறேன். வங்கி கடன் தரத் தயார். உங்கள் கருத்து?

பதில்: வங்கி தயாராக இருப்பது உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்து. அந்தச் சீட்டை நீங்கள் வங்கியைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டும். அதில் நிலையான பகுதி ஒன்று, பறந்த மணிக்கு ஏற்பக் கூடிக் குறையும் பகுதி ஒன்று. மழைக்காலத்தில் விமானங்கள் குறைந்தாலும், நீங்கள் மூன்று வாரம் மருத்துவ விடுப்பில் இருந்தாலும், கேப்டன் பயிற்சிக்காக வழக்கமான பறப்பிலிருந்து விலக்கி வைத்தாலும் முதலில் சுருங்குவது இரண்டாம் பகுதி. படையில் இருபது ஆண்டு முதல் தேதி தவறாமல் சம்பளம் வாங்கிய நமக்கு இது உடம்பில் உறைவதே இல்லை. மாதத் தவணையை, நிலையான சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்த தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். அப்படிப் பார்த்தால் இரண்டரைக் கோடி வீடு ஒன்றரைக் கோடி வீடாகச் சுருங்கலாம். சுருங்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், கிங்ஃபிஷர் 2012 அக்டோபரிலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3-ஆம் தேதியும் பறப்பதை நிறுத்தின. நடுவில் 2020-இல் கொரோனா வந்தபோது, ஓடிக்கொண்டிருந்த நிறுவனங்களிலேயே ஊதியமில்லா விடுப்பும் சம்பள வெட்டும் நடந்தன. நாம் வேலையை விடுவதென்றால் துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஓராண்டும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று டிஜிசிஏ 2017-இல் விதித்தது; நிறுவனம் மூடப்படும்போது நமக்கு அப்படி ஒரு முன்னறிவிப்பு வருவதில்லை. ஆகவே ஓராண்டு வீட்டுச் செலவும் தவணையும் கையில் இருக்கட்டும். உரிமம் மருத்துவக் காரணத்தால் பறிபோனால் ஈடு தரும் காப்பீடும் இருக்கட்டும். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் தொகை எவ்வளவு, தற்காலிகத் தகுதியிழப்பும் அதில் அடங்குமா என்று ஆவணத்தை வாங்கிப் படியுங்கள்.

ஓய்வூதியத்தைத் தொகுத்துப் பெறுவதைப் பற்றி: படையினர் ஐம்பது சதவீதம் வரை தொகுக்கலாம், பதினைந்து ஆண்டுக்குப் பின் முழு ஓய்வூதியம் மீளும். மொத்தமாக வரும் தொகைக்கு வருமான வரி இல்லை. மாதாமாதம் வரும் ஓய்வூதியமோ உங்கள் விமானச் சம்பளத்தோடு சேர்ந்து உச்ச வரி அடுக்கில் விழுகிறது. இந்தக் கோணத்தில் தொகுப்பது புத்திசாலித்தனமே. ஆனால் அந்தத் தொகை செங்கல்லாக மாறிவிட்டால், நிறுவனம் படுத்த நாளில் பாதி ஓய்வூதியமும் பூட்டிய ஃபிளாட்டும்தான் மிஞ்சும். தொகுத்துக்கொள்ளுங்கள், அதில் பெரும்பகுதியை எளிதில் எடுக்கக்கூடிய வைப்பில் வையுங்கள்.

கூடவே ஒரு சிறு எச்சரிக்கை. ஓய்வூதியம் தரும் அலுவலகமும் விமான நிறுவனமும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் அதுதான் உங்கள் ஒரே வருமானம் என்பதுபோல வரி பிடிக்கும். நிலையான கழிவை இருவரும் கொடுத்துவிடுவார்கள், அடுக்கையும் இருவரும் அடியிலிருந்தே தொடங்குவார்கள். ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது பெரிய பாக்கியும் அதற்கு வட்டியும் வந்து நிற்கும். ஓய்வூதிய விவரத்தை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லையேல் முன்கூட்டிய வரியை நீங்களே காலாண்டுதோறும் கட்டுங்கள்.

கேள்வி: என் கணவர் ஃபிளைட் கமாண்டராக இருந்தவர், வயது 44. இப்போது 29 வயதுக் கேப்டனுக்குப் பக்கத்தில் துணை விமானி. வீட்டுக்கு வந்தால் பேசுவதே இல்லை. "நிமிடத்துக்கு நிமிடம் என்னைக் கண்காணிக்கிறார்கள்" என்கிறார். இது சரியாகுமா, அம்மா வீட்டோடு நான் சென்னையிலேயே இருந்துவிடலாமா?

பதில்: அம்மணி, பெரும்பாலும் சரியாகும், ஓராண்டு பொறுத்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனத்தில் மூப்பு, சேர்ந்த தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. விங் கமாண்டர் பட்டம் அங்கே கணக்கில் வராது. இதைவிட அவரை உறுத்துவது வேறொன்றாக இருக்கலாம். ஒவ்வொரு பறப்பின் தரவும் தரையில் அலசப்படுகிறது. ஓடுபாதைக்கு ஆயிரம் அடி உயரத்தில் வேகம், இறங்கும் விகிதம், ஃபிளாப் நிலை எல்லாம் வரம்புக்குள் நிலைபெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் மேலேறிச் சுற்றி வர வேண்டும். போர் விமானத்தில் அந்த உயரத்தில் எதையும் கையால் திருத்திவிடப் பழகியவருக்கு, திருத்த முடியும் என்று தெரிந்தும் திருத்தாமல் கைவிடுவது தோல்வி போலத் தோன்றும். அது தோல்வி அல்ல. மேலேறிப் போனவரை யாரும் கேள்வி கேட்பதில்லை, திருத்த முயன்றவருக்குத்தான் மின்னஞ்சல் வரும்.

அவரிடம் ஒரு செய்தி சொல்லுங்கள், சிரிப்பார் என்று நினைக்கிறேன். ஏர்பஸ் 320-இல் வலது இருக்கையில் உட்கார்ந்தால் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக் வலக்கையில், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடக்கையில். போர் விமானத்தில் பழகிய அதே அமைப்பு. கேப்டன் ஆகி இடது இருக்கைக்குப் போகும்போது கைகள் மாறிவிடும். ஆக, அந்த 29 வயதுக்காரர் பட்ட பாட்டை அவரும் ஒருநாள் படப்போகிறார்.

இடமாற்றத்தைப் பற்றி: அவருடைய தளம், அதாவது பணி தொடங்கி முடியும் விமான நிலையம், எந்த ஊர் என்று எழுத்தில் உறுதியாகும்வரை பிள்ளைகளின் பள்ளியை மாற்ற வேண்டாம். புதிய பணிநேர விதிகளின்படி வார ஓய்வு 48 மணி நேரம், முன்பு 36-ஆக இருந்தது. அவர் வேறு தளத்தில் இருந்தால் அந்த ஓய்வின் ஒரு பகுதி பயணத்திலேயே கரைந்துவிடும். ஆகவே தளம் வேறு ஊர் என்றால், முடிந்தவரை நீங்களும் அங்கே இருப்பதே நல்லது. படையில் மனைவியர்க்கு அண்டை வீட்டாரும் மெஸ்ஸும் துணை. இங்கே அது இல்லை என்பதை மட்டும் எதிர்பார்த்துப் போங்கள்.

கேள்வி: புதிதாகச் சேர்கிறேன். நல்ல கூலிங் கிளாஸ், ஹெட்செட், கார் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எதில் செலவழிக்கலாம்?

பதில்: கண்ணாடியில் போலரைஸ்டு வேண்டவே வேண்டாம், அதை அணிந்து தலையைச் சற்றுச் சாய்த்தால் காக்பிட் திரைகள் கறுத்துப்போகும். வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடியும் பயன்படாது, காக்பிட்டின் முகப்புக் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுவதால் அது வெளுத்தே இருக்கும். சாம்பல் நிறச் சாதாரணக் கண்ணாடி வாங்குங்கள். ஹெட்செட்டை, நிறுவனம் எந்த மாடலை ஏற்கிறது என்று தெரியும்வரை வாங்காதீர்கள். காரைப் பொறுத்தவரை, ஓய்வூதியம் பெறுபவர் என்றால் படையினருக்கான சிஎஸ்டி கேன்டீன் வழியாக வரிச் சலுகையோடு வாங்கலாம். ஆனால் விடியற்காலை மூன்று மணி ரிப்போர்ட்டிங்குக்குப் பல நிறுவனங்கள் வீட்டுக்கே வண்டி அனுப்புகின்றன. உங்கள் பெரிய எஸ்யுவி அடுக்குமாடி நிறுத்தத்தில் தூசி பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் ஆண்டு பழைய வண்டியே போதும்.

கேள்வி: மெஸ்ஸில் வெள்ளிக்கிழமை இரவுப் பழக்கம். விமான நிறுவனத்தில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

பதில்: சட்டம் பறப்புக்கு முன் 12 மணி நேரம் என்கிறது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், ஏனெனில் மூச்சுச் சோதனையில் அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். நள்ளிரவு வரை அதிகம் குடித்தவருக்கு 12 மணி நேரம் போதாமல் போகலாம். முதல்முறை பிடிபட்டால் உரிமம் மூன்று மாதம் முடக்கம், இரண்டாம் முறை மூன்று ஆண்டு, மூன்றாம் முறை ரத்து. ஆல்கஹால் கலந்த வாய்க் கொப்பளிப்பும் கூடாது. இருமல் மருந்தானாலும் ஹோமியோபதிச் சொட்டானாலும் நிறுவன மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மறுநாள் பணிப் பட்டியலில் பெயர் இருந்தால் கோப்பையைத் தொடாமல் இருப்பதுதான் நான் கடைப்பிடிக்கும் முறை.

கேள்வி: குரூப் கேப்டன், வயது 54. ஏஎன்-32, சி-130 போக்குவரத்து விமானங்கள் ஓட்டியிருக்கிறேன். தாம்பரத்தில் பயிற்றுநர் படிப்பும் முடித்தவன். காலம் கடந்துவிட்டதா?

பதில்: பயணிகள் விமானம் ஓட்ட 65 வயது வரம்பு என்பதால் தாளில் பதினொரு ஆண்டு இருக்கிறது. அதில் உரிமம், டைப் ரேட்டிங், துணை விமானிக் காலம் எல்லாம் போகக் கேப்டன் இருக்கைக்கு எஞ்சுவது குறைவு. உங்கள் பயிற்சிக்குச் செலவழிக்கும் நிறுவனமும் அதே கணக்கைப் போடும். 60-க்குப் பிறகு மருத்துவச் சான்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முயலலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். தாம்பரம் விமானப் பயிற்றுநர் பள்ளியில் தேறியவர் என்பது உங்கள் விண்ணப்பத்தில் கடைசி வரியில் இருக்கிறது. அதை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். பயிற்சிப் பள்ளிகளுக்கு நல்ல பயிற்றுநர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். டிஜிசிஏயும் பறப்பு நடைமுறை ஆய்வாளர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கிறது. இரண்டுக்குமான அறிவிப்புகளை இந்த மாதத்திலிருந்தே பார்த்து வாருங்கள்; சிவில் பயிற்றுநர் தகுதிக்கான ஆவணங்களை இன்னும் சீருடையில் இருக்கும்போதே திரட்டிவிடுங்கள்.