வேலையை விட்டாச்சு, விரலும் போச்சு: இழப்பீடு கிடைக்குமா? (கேள்வி பதில்)

காரைக்குடியில் ஒரு வக்கீல் ஆபீசில் 21 வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே நான் தூக்கிச் சுமந்த கட்டுகளில் பாதி தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகள். வேலையில் அடிபட்டு, அப்புறம் அந்த வேலையையும் விட்டுவிட்டவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 1923ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டம், 21.11.2025 முதல் புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. இங்கே கேட்டவர்களின் விபத்தெல்லாம் அதற்கு முந்தியவை. அதனால் பழைய சட்டத்தை வைத்தே பேசுகிறேன்.

கேள்வி (புதுவயல்): அண்ணே, அரிசி ஆலையில் இருந்தேன். வயது 35, சம்பளம் 14,000. 2025 மார்ச்சில் எலிவேட்டர் பெல்ட்டில் சிக்கி இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கட்டினார். ஆறு வாரம் கழித்துப் போனால் அதே பெல்ட்டில் நிற்கச் சொன்னார், இன்னும் மூடி போடவில்லை. பயத்தில் நின்றுவிட்டேன். “நீயாகத்தானே நின்றாய், இனி என்னிடம் என்ன கேட்கிறாய்” என்கிறார்.

தம்பி, நீங்கள் வேலையில் இருக்கிறீர்களா இல்லையா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. அடிபட்ட அன்றைக்கு அங்கே வேலையில் இருந்தீர்களா, வேலையின் காரணமாக அடிபட்டதா, இந்த இரண்டைத்தான் பார்க்கும். உச்ச நீதிமன்றம் 1975இல், பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: விபத்து நடந்த அன்றே முதலாளியின் கடன் பிறந்துவிடுகிறது, ஆணையர் (இந்த இழப்பீட்டு மனுக்களை விசாரித்து முடிவு சொல்லும் அரசு அதிகாரி) உத்தரவு போடும் நாளில் அல்ல. ஏப்ரலில் நின்றதால் மார்ச் மாதக் கடன் எங்கே போகும்?

இப்போது கணக்கு. சட்டத்தின் அட்டவணைப்படி ஒரே கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் இழப்பு. மாதச் சம்பளத்தில் 60 சதவீதம் 8,400 ரூபாய். 35 வயதுக்கு அட்டவணை தரும் பெருக்கல் எண் 197.06. பெருக்கினால் 16,55,304. அதில் 20 சதவீதம் சுமார் 3,31,000 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காததற்கு வருடம் 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் அசலில் பாதி வரை அபராதமும் போடலாம். ஆஸ்பத்திரிக்குக் கட்டியதை இதில் கழிக்க அவருக்கு உரிமை இல்லை. வைத்தியச் செலவு தனி, இழப்பீடு தனி. கட்டுப்போட்டு வீட்டில் இருந்த ஆறு வாரத்துக்கும், 15 நாளுக்கு ஒரு தடவை மாதச் சம்பளத்தில் கால் பங்கு வந்திருக்க வேண்டும். அதையும் மனுவில் சேருங்கள்.

விபத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். உங்களுக்கு 2027 மார்ச் வரை. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதை நம்பி உட்கார்ந்து கெட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (அவரே): “கவனக்குறைவு உன்னுடையது” என்று எழுதி வாங்கியிருக்கிறார்.

வாங்கட்டும். கவனக்குறைவு இந்தச் சட்டத்தில் ஒரு தடையே இல்லை. மூன்று காரணங்களைத்தான் அவர் சொல்ல முடியும்: நீங்கள் போதையில் இருந்தீர்கள், பாதுகாப்புக்கென்று போட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினீர்கள், தடுப்பை வேண்டுமென்றே கழற்றினீர்கள். போடாத மூடியை நீங்கள் எப்படிக் கழற்றியிருப்பீர்கள்? அரசு ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தபோது எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, இன்றைக்கே போய் வாங்குங்கள். “வீட்டில் விழுந்தார்” என்று அதில் எழுத வைத்திருந்தால் அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கும். அப்படியிருந்தால் உடன் நின்றவர்களின் சாட்சி வேண்டும்.

கேள்வி (காரைக்குடி): முறுக்கு, சீடை போடும் கூடத்தில் எண்ணெய் கொட்டி முன்கை வெந்து, விரல்கள் மடங்காமல் போய்விட்டது. மொத்தம் ஆறு பேர்தான் வேலை. 25,000 ரூபாய் கையில் கொடுத்து, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வேலைக்கும் போகவில்லை. முடிந்த கதைதானே அண்ணே?

முடியவில்லை தங்கச்சி. உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதும் எந்த ஒப்பந்தமும், இழப்பீட்டைக் குறைக்கிற அளவுக்குச் செல்லாது. அதற்கு மேல் பலருக்குத் தெரியாத ஒன்று: பெண் தொழிலாளிக்கு மொத்தமாகத் தரும் இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கையில் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே கணக்கில் வராது. வாங்கியதை மறைக்காமல் மனுவில் எழுதிவிடுங்கள். ஆறு பேர்தான் என்பது தடையல்ல, மின்சாரம் வைத்து உற்பத்தி நடக்கிற இடமா என்பதுதான் முக்கியம். மாவு அரைக்கும் மெஷின் கரண்டில்தானே ஓடுகிறது? உங்கள் காயம் அட்டவணையில் நேராக இல்லாததால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று டாக்டர் மதிப்பிட்டுத் தர வேண்டும்.

கேள்வி (கானாடுகாத்தான் பக்கம்): பழைய வீடு பிரிக்கிற வேலையில் சாரத்திலிருந்து விழுந்தேன். தச்சன். வலது கை முழங்கைக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மேஸ்திரி ஆளையே காணோம்.

வீட்டைப் பிரித்தது யாருக்காக என்று பாருங்கள். வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டை மராமத்துப் பார்க்க மேஸ்திரியிடம் விட்டிருந்தால் அவரைப் பிடிப்பது கஷ்டம், அது அவர் தொழில் இல்லை. ஆனால் பர்மா தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் விற்கிற வியாபாரி வீட்டை வாங்கி, பிரிக்கும் வேலையை மேஸ்திரிக்குக் கொடுத்திருந்தால் கதை வேறு. தன் தொழிலின் வேலையைக் கான்ட்ராக்ட் விட்டவர், தானே ஆள் வைத்தது போலவே பொறுப்பு. அவர் மேல் போடுங்கள், மேஸ்திரியை அவர் தேடிக்கொள்ளட்டும்.

மேலே சொன்ன 1975 வழக்கும் ஒரு தச்சருடையதுதான். திரையரங்கில் அலங்கார வேலை செய்யும்போது விழுந்து, இடது கை முழங்கைக்கு மேல் போய்விட்டது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு நூறு சதவீதம் என்றார்கள். அட்டவணையில் உள்ள சதவீதத்தை யாராவது காட்டினால் இந்தத் தீர்ப்பை நீட்டுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): நூற்பாலையில் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தார்கள். முழங்கால் போய் வேலையை விட்டேன்.

இ.எஸ்.ஐ. இருந்தால் முதலாளி மேல் இழப்பீட்டு மனு போட முடியாது, இ.எஸ்.ஐ. கழகத்திடம்தான் கேட்க வேண்டும். நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு சொன்னால் மாதாமாதம் ஆயுள் முழுக்கப் பணம், வேலையை விட்டாலும் நிற்காது. ஊனத்தால் வேலையே போனவர், வருடம் 120 ரூபாய் கட்டினால் ஓய்வு வயது வரை தனக்கும் துணைக்கும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (அவரே): மூன்று வருட சர்வீஸ்தான், கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடையாதாமே?

ஐந்து வருட சர்வீஸ் வேண்டும் என்ற விதி ஊனத்தால் போகிறவருக்குப் பொருந்தாது. பழைய வேலையைச் செய்ய முடியாத நிலை என்பதைத்தான் காட்ட வேண்டும். இங்கேதான் ராஜினாமாக் கடிதம் கழுத்தை அறுக்கும். “சொந்தக் காரணங்களால்” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பிறகு என்னிடம் அழுவார்கள். இன்ன தேதியில் இன்ன மெஷினில் அடிபட்டதால் இந்த வேலையைச் செய்ய இயலவில்லை என்று எழுதி, நகலில் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபால்.

கேள்வி (பள்ளத்தூர்): அடிபட்டது திருப்பூரில், இப்போது ஊரில் இருக்கிறேன். அங்கே அலைய முடியாது.

அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமே போடலாம்.

கேள்வி (கண்டனூர்): சிங்கப்பூரில் அடிபட்டு, பெர்மிட் ரத்தாகி வந்துவிட்டேன்.

அங்கே சட்டம் வேறு. வேலை போன பிறகும் கேட்கலாம், ஆனால் கெடு ஒரு வருடம்தான். உடனே அந்நாட்டு மனிதவள அமைச்சகத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): முதலாளி என் மாமன் முறை. கேஸ் போட்டால் கோயில் திருவிழாவில் முகம் பார்க்க முடியாது.

ஆலைக்காரர்களில் பலர் தொழிலாளர் இழப்பீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருப்பார்கள், எடுத்ததை மறந்தும் இருப்பார்கள். முதலில் அத்தையிடம் சொல்லி பாலிசி இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் அசலைக் கட்டப்போவது கம்பெனி, மாமன் இல்லை. அவரே கூட வந்து சாட்சி சொன்ன வழக்கையும் பார்த்திருக்கிறேன்.