கோபுரத்திலிருந்து இறங்கிய பேட்டரி வீட்டுக்கு ஆகுமா?

கேள்வி: பணகுடி பக்கம் கேபிள் டி.வி.யும் இணைய இணைப்பும் கொடுத்து வருகிறேன். செல்போன் கோபுரத்தில் கழற்றிய 2 வோல்ட், 200 ஏ.எச். (ஆம்பியர்-மணி) செல்கள் 24 வாங்கி, 48 வோல்ட் இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறேன். கருவிகளும் வீடும் அதில்தான் ஓடுகின்றன. சில மாதங்களுக்கு முன் ஒரு செல் செத்துவிட்டது. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கம்பி போட்டுச் சேர்த்துவிட்டேன். இப்போது 2 செல்களின் வயிறு உப்பியிருக்கிறது. தகரக் கூரை அறை. மதியம் செல்லைத் தொட்டால் சுடுகிறது. மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் சரியாகுமா?

பதில்: ஊற்றாதீர்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. முதலில் இன்வெர்ட்டரின் சார்ஜரை நிறுத்துங்கள். பேட்டரி ஆறிய பிறகு உப்பிய இரண்டையும் கழற்றித் திறந்தவெளியில் நிழலில் வையுங்கள். ஆற அரை நாள்கூட ஆகலாம். அதுவரை சந்தாதாரர்கள் திட்டினால் திட்டட்டும்.

உங்களிடம் இருப்பது வால்வு வைத்து மூடிய ஈய-அமில செல். கடையில் எஸ்.எம்.எஃப்., அதாவது பராமரிப்பு வேண்டாத மூடிய பேட்டரி, என்று கேட்டால் தருவதும் இந்த இனம்தான். தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரியைப் போல இதற்குள் அமிலம் தளும்பி நிற்காது. கண்ணாடி இழைப் பஞ்சிலோ களியிலோ ஊறியிருக்கும். சார்ஜ் ஆகும்போது பிறக்கும் வாயு உள்ளேயே மீண்டும் நீராகிவிடும். ஆகவே மேலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவையே இல்லை. வால்வைத் திறந்தால் காற்று புகுந்து எதிர்முனைத் தகடுகள் கெடும்.

உப்பியதற்கான காரணத்தை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள்: எடுத்த செல்லுக்குப் பதிலாகப் போட்ட கம்பி.

கணக்கைப் பாருங்கள். இந்த வகைச் செல் 27 டிகிரி செல்சியஸில் எப்போதும் சார்ஜில் கிடக்க, செல்லுக்கு 2.25 வோல்ட் போதும். 24 செல்லுக்கு 54 வோல்ட். கோபுரத்தில் இருந்த சார்ஜர் இந்த அளவில்தான் வைத்திருக்கும். வீட்டு இன்வெர்ட்டரோ, டியூபுலர் பேட்டரியை மனத்தில் வைத்துச் செய்தது. டியூபுலர் நிலையில் 57.5 வோல்ட் வரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், 24 செல்லில் ஆளுக்கு 2.4 வோல்ட் விழும், அதுவே அதிகம். நீங்கள் ஒன்றை எடுத்துவிட்டீர்கள். சார்ஜருக்கு அது தெரியாது, அதே 57.5 வோல்ட்டை 23 பேருக்குப் பங்கு வைக்கிறது. ஆளுக்கு 2.5 வோல்ட். வாயு மிஞ்சுகிறது, வால்வு திறக்கிறது, உள்ளிருக்கும் நீர் வாயுவாகி வெளியே போகிறது.

சூடு இதற்கு மேல் வந்து சேர்கிறது. செல் சூடேறினால் அதே வோல்ட்டேஜில் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். கூடுதல் மின்னோட்டம் இன்னும் சூடாக்கும். இந்தச் சுழல் கட்டுமீறும்போது பிளாஸ்டிக் பெட்டி இளகி வயிறு தள்ளும். அடுத்த கட்டம் வெடிப்போ தீயோ ஆகலாம். அதனால்தான் சார்ஜரை முதலில் நிறுத்தச் சொன்னேன்.

நம் வெயிலுக்கு இன்னொரு திருத்தமும் வேண்டும். 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் செல்லுக்கு சுமார் 3 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். அறை 37 டிகிரி என்றால் 24 செல்லுக்கு 0.72 வோல்ட் குறைத்து, 53.3 வோல்ட் அளவில் வைப்பது முறை. தகரக் கூரைக்குக் கீழே சித்திரையில் 37 டிகிரியோடு நிற்குமா என்பது உங்களுக்கே தெரியும். சராசரி வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் செல்லின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பேட்டரி நிறுவனத்தைக் குறை சொல்வதற்கு முன் கூரையைப் பாருங்கள்.

கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். பனை ஓலை வேய்ந்தால் குளிரும்தான், ஆனால் பேட்டரி அறைக்கு மேல் ஓலை வேண்டவே வேண்டாம். சுவரின் அடியில் ஒரு திறப்பும் கூரையை ஒட்டி ஒரு திறப்பும் இருக்கட்டும். வால்வு வழியே வெளியேறும் ஹைட்ரஜன் இலேசான வாயு, மேலேதான் தங்கும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தால் ஒரு பொறி போதும். ஆயுத பூஜையன்று பேட்டரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அதன் முன்னாலேயே கற்பூரம் காட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. சந்தனம் வையுங்கள், கற்பூரத்தை வாசலுக்கு வெளியே காட்டுங்கள். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியது ஷாக் அல்ல. 48 வோல்ட் காய்ந்த கையை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. அந்தத் துணிச்சலில்தான் விபத்து நடக்கிறது. ஸ்பேனர் இரண்டு முனைகளையும் ஒரு கணம் சேர்த்துவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். இரும்பு உருகித் தெறிக்கும். மோதிரம், வெள்ளிக் காப்பு, கைக்கடிகாரம் அனைத்தையும் கழற்றிவிடுங்கள். ஸ்பேனரின் வாயை மட்டும் விட்டு மீதியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றுங்கள். கண்ணாடி அணியுங்கள். அமிலம் பட்டால் கால் மணி நேரமாவது தண்ணீரில் கழுவுங்கள். கண் என்றால் கழுவியதும் மருத்துவரிடம் போக வேண்டும். பேட்டரி முனையை ஒட்டியே ஃப்யூஸ் இருக்க வேண்டும். எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) போடுவதாக இருந்தால் டி.சி.க்கு உரியதாகக் கேட்டு வாங்குங்கள்; ஏ.சி.க்கு உரியது டி.சி. தீப்பொறியை அணைக்கும் என்று நம்ப முடியாது.

தொலைத்தொடர்புக் கருவிகளில் நேர்முனையைத்தான் தரையிடுவார்கள் (எர்த் செய்வார்கள்). உங்கள் கருவி எதையாவது இந்த பேட்டரியில் நேரடியாக இணைத்திருந்தால், எந்த முனை எங்கே தரையிடப்பட்டிருக்கிறது என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்தில் இரண்டு முனை தரையைத் தொட்டால் அது நேரடி ஷார்ட்.

இனி, மீதமுள்ள 21 செல்லை என்ன செய்வது? 48 வோல்ட்டுக்கு ஆகாது. புதிய செல் மூன்று வாங்கிச் சேர்க்கவும் கூடாது. பழையதும் புதியதும் ஒரே வரிசையில் ஒத்துப்போவதில்லை. முழுதாகச் சார்ஜ் செய்து, 20 ஆம்பியர் சுமையில் ஓடவிட்டு, மணிக்கொரு முறை ஒவ்வொரு செல்லையும் மல்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். 1.75 வோல்ட்டைத் தொட்ட செல்லை அப்போதே வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். 200 ஏ.எச். என்றால் 20 ஆம்பியரில் 10 மணி நேரம்; 8 மணி நேரம் தாக்குப்பிடித்தால் 80 விழுக்காடு கொள்ளளவு உண்டு என்று பொருள். அதற்குக் கீழே போனால் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு. வீட்டு உபயோகத்துக்கு 6 மணி நேரம் நின்றாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒரே மாதிரி நின்ற 12 செல்கள் தேறினால் 24 வோல்ட் இன்வெர்ட்டரில் போட்டு, எஸ்.எம்.எஃப். நிலைக்கு மாற்றி, 27 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கருவிகளை மட்டும் ஓட்டுங்கள். மின்விசிறிக்கும் கிரைண்டருக்கும் வேறு வழி பாருங்கள். 2.5 வோல்ட் தின்ற செல்கள், 12 தேறாமலும் போகலாம்.

2023 டிசம்பர் 17, 18 பெருமழைக்குப் பிறகு நம் திருநெல்வேலி மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அப்படிக் காலியாகிக் கிடக்கும் ஈய பேட்டரி, தகட்டில் சல்பேட் இறுகிக் கெடும். சோதனைக்கு 1.75 வரை விட்டாலும், அன்றாட ஓட்டத்தில் செல்லுக்கு 1.85 வோல்ட் வந்ததும் சுமையைத் துண்டித்துவிடுங்கள். ஒரு நாளுக்குள் எங்காவது ஜெனரேட்டர் பிடித்துச் சார்ஜ் ஏற்றுங்கள். வெள்ளநீரில் மூழ்கிய செல்லைக் காயவைத்துச் சார்ஜ் போடக் கூடாது. ரேக் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் இருப்பது நல்லது. உவரி, இடிந்தகரை போன்ற கடலோரத்து வாசகர்கள் முனைகளில் உப்புப் பூக்காமல் வாஸ்லைன் தடவினால் போதும்.

கோபுரங்களில் இப்போது லித்தியம் பேட்டரியும் வருகிறது. பழையது கிடைக்கிறதே என்று அதை இந்த இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள். அதற்கெனச் சார்ஜர் வேண்டும். உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை வேலை செய்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்த முறை பழைய செல் வாங்கினால் பில் கேளுங்கள். கோபுர பேட்டரி திருட்டு சாதாரணமாக நடக்கிறது. பில் இல்லாத செல் உங்களைக் காவல் நிலையம் வரை கொண்டுபோகலாம். உப்பிய இரண்டையும் செத்த ஒன்றையும் உடைத்து ஈயம் எடுப்பவரிடம் தள்ளிவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவை பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்து, ஈயத்தின் மதிப்பை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.