குப்பை, குளம், மரம்: சிறு நகரத்தில் மக்களே தொடங்கும் பணிகள் பற்றிக் கேள்வி பதில்

சிறு நகரங்களில் குடியிருப்போரே கூடி எடுத்துச் செய்யும் சுற்றுச்சூழல் பணிகள் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை குப்பையைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து விடை எழுதுகிறேன்.

கேள்வி: தெருவில் சிலர் ஆர்வமாக இருக்கிறோம். குப்பை, குளம், மரம், சூரிய மின்சாரம் என்று எல்லாவற்றையும் செய்ய ஆசை. எதில் தொடங்கலாம்?

ஈரக் குப்பையில் தொடங்குங்கள். வளரும் நாடுகளின் நகரங்களில் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி சமையலறைக் கழிவும் தோட்டக் கழிவும்தான். அது கலந்துவிட்டால் காகிதம் ஊறுகிறது, பிளாஸ்டிக் பிசுபிசுக்கிறது, எடுப்பவர் கை நாறுகிறது. அதைத் தனியே பிரித்துவிட்டால் மிச்சக் குப்பை ஒரு வாரம் வீட்டில் இருந்தாலும் தொல்லை தராது. கிடங்கில் மூடுண்டு கிடக்கும் ஈரக் குப்பையிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மூன்று மாதத்தில் கையில் உரம் வரும். புதிதாகக் கூடிய குழுவுக்குக் கண்ணால் காணக்கூடிய பலன் சீக்கிரம் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் கலைந்துவிடும்.

கேள்வி: நாங்கள் பிரித்துத்தான் கொடுக்கிறோம். வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?

ஊர் ஊராக எழும் புகார் இது. நியாயமான கோபம்தான், ஆனால் தூய்மைப் பணியாளர் மேல் அதைக் காட்டாதீர்கள். வண்டியில் தடுப்பு இல்லை, கொண்டுபோய்ச் சேர்க்கத் தனித்தனி இடமும் இல்லை என்றால் அவர் வேறென்ன செய்வார்? பிரித்த குப்பை எங்கே போய்ச் சேரும் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் பிரிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்ய வேண்டும். பல ஊர்களில் இந்த வரிசை தலைகீழாக நடப்பதால்தான் மக்கள் ஒருமுறை பிரித்து, ஏமாந்து, மறுமுறை கேட்டால் முகம் திருப்புகிறார்கள்.

கேரளத்தின் ஆலப்புழை நல்ல பாடம். நகரக் குப்பை முழுவதும் சர்வோதயபுரம் என்ற இடத்தில் போய்க் குவிந்தது. அங்கே வசித்தவர்கள் 2012-இல் குப்பை லாரிகளை மறித்தார்கள். வெளியே கொட்ட இடமில்லாமல் போன பிறகு, குப்பை உருவாகும் இடத்திலேயே அதை முடிக்கும் வழிக்கு நகரம் திரும்பியது. வீடுகளில் குப்பையை உரமாக்கும் குழாய்களும் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன்களும், பொது இடங்களில் காற்றோட்டமுள்ள உரத் தொட்டிகளும் வந்தன. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கழிவு மேலாண்மைக்குச் சிறந்த ஐந்து நகரங்களில் ஒன்றாக அதைக் குறிப்பிட்டது. அந்த மாற்றத்தை நகராட்சி நடத்தியது உண்மை. ஆனால் அதற்குக் காரணம், பிறர் குப்பையைச் சுமக்க மாட்டோம் என்று நின்ற மக்கள்.

ஆகவே உங்கள் பகுதியிலேயே ஈரக் குப்பைக்கு ஓர் இடம் தேடுங்கள். பூங்காவின் ஓரமோ, பள்ளி வளாகத்தின் மூலையோ போதும். ஈரக் குப்பை அங்கே நின்றுவிட்டால் வண்டியில் கலப்பதற்கு எதுவும் இருக்காது.

இதைப் படிக்கும் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, மேலே எழுதி, தனியாகக் கொடுங்கள். நாப்கின், டயாபரையும் அப்படியே தனியே பொட்டலமாகக் கட்டுங்கள். அந்தப் பையைத் திறப்பது ஒரு மனிதரின் கை.

கேள்வி: உரத் தொட்டி வைத்தோம். நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். மூடிவிடலாமா?

மூட வேண்டாம். எந்த நாற்றம் என்று முதலில் பாருங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்துவிட்டது; உலர்ந்த இலை போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈரம் மிகுந்து உள்ளே காற்றுப் போகவில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சருகைத் தாராளமாகச் சேர்த்துக் கிளறிவிடுவது.

குப்பையை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு, சருகில் மிகுந்த கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கு, ஈரக் கழிவில் மிகுந்த தழைச்சத்து ஒரு பங்கு என்ற அளவு பொருந்தும். எடைபோட்டுக் கணக்குப் பார்க்க முடியாது. கொள்ளளவில் ஒரு கூடை ஈரக் கழிவுக்கு இரண்டு கூடை சருகு என்று தொடங்கிப் பார்த்து, கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஈரத்தைக் கையாலேயே சோதிக்கலாம். உள்ளிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரியான பதம். ஒழுகினால் சருகு போடுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். குவியலின் நடுவில் வெப்பம் 55 பாகை செல்சியஸைத் தாண்டி மூன்று நாள் நின்றால் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் களை விதைகளும் செத்துப்போகும்.

பக்கத்து வீட்டாரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். முதல் உர மூட்டை அவர்கள் வாசலுக்குப் போகட்டும்.

கேள்வி: சருகை எரிப்பது காலங்காலமாக நடப்பதுதானே?

நடந்துகொண்டிருப்பதாலேயே சரி ஆகிவிடாது. அந்தப் புகையின் நுண்துகள் நுரையீரலின் ஆழம் வரை போகிறது. கூடவே பி.வி.சி. பிளாஸ்டிக் துண்டு ஏதாவது கிடந்தால் டையாக்சின் என்ற நச்சும் சேர்கிறது. மேலே பாருங்கள், உரத் தொட்டிக்குச் சருகு போதாமல் திண்டாடுகிறார்கள். அவர்களிடம் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் குளம் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. பொக்லைன் வைத்துத் தூர்வாரப் பணம் திரட்டிவிட்டோம். வேறென்ன கவனிக்க வேண்டும்?

பொக்லைனைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். முதலில் ஒரு நல்ல மழை பெய்யும்போது குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் நெடுகிலும் குடையோடு நாலு பேர் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நின்றுபோகிறது, எந்த மதகு மண்மூடியிருக்கிறது, எந்தச் சுவர் வாய்க்காலை மறிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மழையில்லாத ஒரு நாளில் அதே வழியில் நடங்கள். அன்றும் வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் அது கழிவுநீர். அது வரும் குழாய் வரை போய்ப் பாருங்கள்.

ஆகாயத்தாமரை தானாகச் செழிப்பதில்லை. கழிவுநீரோடு வரும் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்)தான் அதற்குத் தீனி. சூழல் பொருந்தினால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். கழிவுநீரை நிறுத்தாமல் செடியை மட்டும் வாரினால், அடுத்த பருவத்தில் அதே பணத்தை மீண்டும் செலவழிப்பீர்கள்.

தோண்டும்போது இரண்டு எச்சரிக்கை. அடியில் இருக்கும் களிமண் படுகையைக் கிழித்துவிட்டால் சில குளங்களில் தண்ணீர் நிற்காமலே போகும். வண்டலை மட்டும் எடுங்கள். அடுத்து, கரையைச் செங்குத்தாக வெட்டிக் கான்கிரீட் சுவர் எழுப்பாதீர்கள். சரிவான, ஆழமற்ற ஓரத்தில்தான் கோரை முளைக்கும், நாரை நிற்கும், தவளை முட்டையிடும். தவறி விழுந்த குழந்தை ஏறிவரவும் அந்தச் சரிவுதான் உதவும். நடைபாதையும் அலங்கார விளக்கும் போட்டுத் திறப்பு விழா நடத்தும் ஆர்வத்தில் குளத்தைத் தொட்டியாக மாற்றுவதைப் பார்க்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை.

கேள்வி: நுண்ணுயிர் உருண்டைகளைக் குளத்தில் வீசினால் தண்ணீர் சுத்தமாகும் என்கிறார்களே?

கழிவுநீர் நிற்காத வரை அதில் பயனில்லை. அந்த உழைப்பைக் கழிவுநீர் வரும் குழாயைத் தேடுவதில் செலவிடுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் ஆயிரம் மரக்கன்று நடத் திட்டமிட்டிருக்கிறோம். வாழ்த்துவீர்களா?

எத்தனை கன்றுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதோ, அத்தனை மட்டும் நடுங்கள், மனமார வாழ்த்துகிறேன். இரண்டு மூன்று கோடை தாண்டும் வரை பெரும்பாலான கன்றுகளுக்கு நீர் தேவை. கன்றுக்கு ஒரு வீடு பொறுப்பு என்று நடும் முன்பே பெயர் எழுதிவிடுங்கள். மண்ணுக்குரிய மரங்களாகப் பாருங்கள். கூண்டை வைத்த கையோடு மறந்துவிடாதீர்கள். தண்டு பருத்த பின்னும் கம்பி இறுக்கிக்கொண்டு மரத்தை அறுப்பதைப் பல சாலைகளில் பார்க்கலாம்.

மியாவாக்கி முறை பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த அந்த அடர்நடவு, சீரழிந்த சிறு மனைக்குப் பொருந்தும். குளத்துப் படுகையிலோ இயற்கையான புல்வெளியிலோ அதைச் செய்யக் கூடாது. புல்வெளிக்கு மரமில்லாமல் இருப்பதுதான் இயல்பு. அங்கே வாழும் பறவைக்கும் பூச்சிக்கும் அதுதான் வீடு.

கேள்வி: ஜப்பானில் ஓர் ஊரில் குப்பையை 45 வகையாகப் பிரிக்கிறார்களாம். நாம் எத்தனை வகை?

காமிகட்சுவைச் சொல்கிறீர்கள். 1,500-க்கும் குறைவானவர்கள் வாழும் மலையூர். குப்பையை மக்களே மையத்துக்குக் கொண்டுவந்து பிரித்துப் போடுகிறார்கள். கழிவே இல்லாத ஊராவோம் என்று 2003-இல் அறிவித்தார்கள். இன்று ஏறத்தாழ 80 விழுக்காடு மறுசுழற்சிக்குப் போகிறது. மிச்சம் பெரும்பாலும் மறுசுழற்சி செய்ய முடியாத விதத்தில் தயாரிக்கப்படும் பொருள்கள். அத்தனை உழைத்தவர்களுக்கும் அதைத் தாண்டுவது கடினமாக இருக்கிறது என்பதிலிருந்தே, உற்பத்தியாளரின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

நீங்கள் ஈரம், உலர்ந்தது, தீங்கானது என்று மூன்றில் தொடங்குங்கள். பழகியபின் கூட்டலாம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். மாதந்தோறும் கரையைச் சுத்தம் செய்கிறோம். மறு மாதம் அதே குப்பை. சலிப்பாக இருக்கிறது.

சலிப்பு வரத்தான் செய்யும், தம்பி. அள்ளியதை உடனே வண்டியில் ஏற்றாமல், தார்ப்பாய் விரித்துக் கொட்டி வகைவகையாக எண்ணுங்கள். இத்தாலியின் கப்பன்னோரியில் இதைத்தான் செய்தார்கள். ரொசானோ எர்கொலினி என்ற பள்ளி ஆசிரியர் அங்கே குப்பை எரியுலைத் திட்டத்தை எதிர்த்து மக்களைத் திரட்டினார். 2007-இல் கழிவில்லா நகரம் என்ற இலக்கை ஐரோப்பாவில் முதலில் ஏற்ற ஊர் அதுதான். பிரித்தபின் மிஞ்சிய குப்பைப் பைகளைத் திறந்து ஆராய்ந்தபோது, காப்பித்தூள் அடைத்த சிறு குப்பிகள் நிறையக் கிடந்தன. அவற்றைத் தயாரித்த நிறுவனங்களிடமே மாற்று கேட்டுப் போனார்கள். எர்கொலினிக்கு 2013-இல் சுற்றுச்சூழல் பணிக்கான கோல்டுமேன் விருது கிடைத்தது.

உங்கள் கரையில் எது மிகுதியாகக் கிடக்கிறது, எங்கிருந்து வருகிறது என்ற பட்டியல் கையில் இருந்தால் கடைக்காரரிடமும் நகர்மன்றத்திலும் தயாரிப்பாளரிடமும் பேச முடியும். வெறும் ஒளிப்படத்தை வைத்துக்கொண்டு பேச முடியாது.

கேள்வி: எங்கள் குழுவைத் தோளில் தாங்கிய அம்மா அடுத்த மாதம் வேறூர் போகிறார். அவர் இல்லாமல் எப்படி நடத்துவது என்று தெரியவில்லை.

இந்த மாதமே அவரோடு இருவர் கூடவே சுற்றட்டும். உரக் கொட்டகைச் சாவி யாரிடம் இருக்கிறது, சருகு எந்தத் தெருவிலிருந்து வருகிறது, வண்டி வராவிட்டால் எந்த அலுவலரைக் கூப்பிட வேண்டும், பணியாளர்களில் யாருக்கு எந்த நாள் விடுப்பு என்பதெல்லாம் அவர் மனத்தில் மட்டும் இருக்கும். ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். வரவு செலவைக் கொட்டகைச் சுவரில் ஒட்டும் பழக்கம் இதுவரை இல்லாவிட்டால் இப்போது தொடங்குங்கள். புதியவர்கள் மேல் ஐயம் எழாது. பொறுப்பையும் ஒருவர் தலையில் ஏற்றாதீர்கள். தொட்டி ஒருவர், கணக்கு ஒருவர், நகராட்சியோடு பேச ஒருவர். கிளம்பும் முன் அந்த அம்மா புதியவர்களைப் பணியாளர்களிடம் நேரில் அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைக்கட்டும். தொலைபேசியில் சொன்னால் போதாது.