கிரின்னெல் பனியாறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பாதையைப் பற்றியவை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில், கிரின்னெல் பனியாற்றுக்கும் அதன் அடிவாரத்தில் உள்ள ஏரிக்கும் (மேல் ஏரி) போகும் பாதை.

ஜூன் முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டோம். மேல் ஏரி வரை போக முடியுமா?

முடியாது. பாதையின் மேல்பகுதி செங்குத்துச் சரிவை ஒட்டிப் போகிறது. அங்கே பனி விலக பெரும்பாலும் ஜூலை பாதி ஆகிவிடும். டிக்கெட் போடும் முன் கேட்டிருக்க வேண்டும். கீழே இருக்கும் கிரின்னெல் ஏரிக்குப் போய் வாருங்கள், ஏற்றம் அதிகமில்லை. இரண்டு ஏரிக்கும் ஏறக்குறைய ஒரே பெயர் என்பதால் குழம்பி எழுதுகிறவர்கள் பலர். வரைபடத்தைப் பாருங்கள்.

அம்மாவுக்கு 62 வயது. தினமும் வாக்கிங் போவார். ஏறுவாரா?

எத்தனை கிலோமீட்டர், மேடு உண்டா என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? போக வர 17 கி.மீ., ஏற்றம் 500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஸ்விஃப்ட்கரண்ட், ஜோசஃபின் ஏரிகளைப் படகில் கடந்தால் நடை 5 கி.மீ. குறையும். படகுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.

உயரத்தால் தலைசுற்றுமா?

மேல் ஏரியே சுமார் 2,000 மீட்டர்தான். ஊட்டி அதைவிட உயரம்.

கரடி வராமல் இருக்கப் பையில் மணி கட்டினால் போதுமா?

போதாது. அந்தச் சத்தம் தூரம் போகாது. சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள், வளைவுகளில் கை தட்டுங்கள். கரடி ஸ்ப்ரே (பாய்ந்து வரும் கரடியின் மேல் அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரே) இடுப்பில் இருக்கட்டும், பைக்குள் அல்ல. விமானத்தில் எந்தப் பெட்டியிலும் அதற்கு அனுமதி இல்லை. அங்கே போய் வாங்குங்கள். அது கொசு மருந்து இல்லை, உடம்பில் அடித்துக்கொள்ளாதீர்கள். கரடியைப் பார்த்தால் குறைந்தது 90 மீட்டர் தள்ளியே நில்லுங்கள்.

நண்பர் பனியாற்றின் மேல் நின்று எடுத்த போட்டோ அனுப்பியிருக்கிறார். நாங்களும் ஏறலாமா?

வேண்டாம். இதைப் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். மேலே வெள்ளையாக, உறுதியாகத் தெரியும் பனிக்கு அடியில் பிளவு இருக்கும். சென்ற குளிர்காலப் பனி அதன்மேல் பாலம் போல மூடியிருக்கும். கால் வைக்கும்வரை தெரியாது. கயிறும் பயிற்சியும் உள்ளவர்களுக்கே அது ஆபத்தான இடம். ஏரியை ஒட்டிய விளிம்பு இன்னும் மோசம்: உருகும் நீர் அடியிலேயே அரித்து, மேலே மெல்லிய கூரையை மட்டும் விட்டுவைக்கும். மிதக்கும் பனிக்கட்டிகளின் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் எடை ஏறினால் புரண்டுவிடும். ஒரு ஆகஸ்டில், தன் குழந்தையை அப்படி ஒரு கட்டியின் மேல் நிற்க வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்த அப்பாவை ஓடிப்போய்த் தடுத்தேன். அவருக்குக் கோபம். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் நடுங்குகிறது. உறைநிலையை ஒட்டிய அந்தத் தண்ணீரில் விழுந்தால் முதல் நொடியிலேயே மூச்சு திணறி, தண்ணீரை உள்ளே இழுத்துவிடுவோம். நீச்சல் தெரிந்தவருக்கும் இதுதான் கதி. இந்தப் பூங்காவில் அதிகம் பேரைக் கொன்றது கரடி இல்லை, தண்ணீர். கரையில் நின்று எடுத்த படமே போதும்.

2020-க்குள் எல்லாம் உருகிவிடும் என்றார்களே?

அப்படி எழுதிய பலகைகளைப் பூங்காவே எடுத்துவிட்டது. பனி இன்னும் இருக்கிறது, ஆனால் சுருங்குகிறது. 1966-ல் கிரின்னெல் ஏறக்குறைய 1 சதுர கி.மீ.; 2015-ல் பாதிக்குச் சற்று மேல்தான். பூங்கா தொடங்கிய 1910-ல், பனியாறு கிடக்கும் கிண்ணம் போன்ற மலைப்பள்ளம் முழுக்கப் பனி. இன்று நீங்கள் பார்க்கப்போகும் மேல் ஏரி அன்று இல்லை.

தண்ணீர் ஏன் பால் கலந்த நீலமாக இருக்கிறது?

பனி நகரும்போது பாறையை மாவாக அரைக்கிறது. அந்த மாவு நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. பார்க்க அழகு, ஆனால் வடிகட்டாமல் குடிக்காதீர்கள்.

நாய், ட்ரோன்?

பாதையில் நாய்க்கு அனுமதி இல்லை. பூங்காவில் எங்கும் ட்ரோனுக்கு இல்லை.

புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. சிந்திய பருக்கை, ஆரஞ்சுத் தோல் உட்பட எல்லாவற்றையும் திரும்பக் கொண்டு வாருங்கள். சாப்பிடும்போதும் ஸ்ப்ரே இடுப்பிலேயே இருக்கட்டும்.