ராத்திரி இரண்டு மணிப் பொங்கல்

கேள்வி: நார்வேயில் ட்ரோண்ட்ஹைம் நகருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பொங்கலுக்கு லீவு இல்லை, காலை எட்டரை மணிக்கும் கும்மிருட்டு. ஆறு வயது மகள் "இது நம்ம ஊர் பண்டிகைதானே, இங்கே எதுக்கு?" என்கிறாள். என்ன சொல்ல?
– ஒரு வாசகி, ட்ரோண்ட்ஹைம்

பதில்: உங்களுக்காவது கொஞ்ச நேரம் கழித்து சூரியன் வந்துவிடுகிறது. நான் இன்னும் வடக்கே, ட்ரோம்சோவில் ஒன்பது வருடம் இருந்தவள். அங்கே நவம்பர் 27 வாக்கில் போகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பும். தெற்கே மலைகள் மறைப்பதால் ஊருக்குள் தெரிய 21 ஆகிவிடும். பொங்கல் வைக்க நான் தயார், வாங்கிக்கொள்ள வேண்டியவர்தான் ஊரில் இல்லை!

முதல் வருடம் தை பிறந்த அன்று மாமியார் போன் செய்தார். கும்பகோணத்தில் காலை ஆறரை, எங்களுக்கு ராத்திரி இரண்டு மணி. "பால் பொங்கியாச்சாம்மா?" இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "இதோ வெச்சிட்டேன் அத்தை" என்று எழுந்துவிட்டேன். ஊரிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த மண்பானையை இண்டக்‌ஷன் அடுப்பு சட்டையே செய்யவில்லை. அப்புறம் எவர்சில்வர் பாத்திரம். பால் பொங்கி வழிந்து அடுப்புக் கண்ணாடியில் கருகி, அதை பிளேடால் சுரண்ட மறுநாள் அரை மணி நேரம் ஆனது. கற்பூரம் ஏற்றியதும் கூரையிலிருந்த புகை அலாரம் அலற, பக்கத்து வீட்டுப் பாட்டி கம்பளி அங்கியோடு வந்து நின்றார்.

பாத்திரத்தை எட்டிப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, கிரோட்!" அவர்களும் கிறிஸ்துமஸுக்குப் பாலில் அரிசியைக் குழைய வேகவைத்து, பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவி, நடுவில் வெண்ணெய் வைத்துத் தின்கிறவர்கள். உள்ளே ஒரே ஒரு பாதாம் பருப்பு ஒளிந்திருக்கும். யார் கிண்ணத்தில் வருகிறதோ அவருக்கு மார்சிபன் என்கிற பாதாம் இனிப்பில் செய்த பன்றிக்குட்டி பரிசு. அடுத்த வருடம் அவர் கொண்டுவந்து கொடுத்த கிரோட் அரிசியில்தான் எங்கள் சர்க்கரைப் பொங்கல். பச்சரிசியைவிட நன்றாகவே குழைந்தது, மாமியாரிடம் சொல்லவில்லை. பாதாமும் ஒளித்தோம். பன்றிக்குட்டிக்குப் பதில் இரண்டு கணு கரும்பு, ஓஸ்லோவில் க்ரோன்லாந்து என்கிற பகுதிக் கடைகளிலிருந்து வீட்டுக்காரர் பெட்டியில் வந்தது.

மஞ்சள் கொத்துக்கு வழி சொன்னவர் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். எண்பதுகளில் நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் பக்கம் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த ஈழத்தமிழர்களில் ஒருவர். "லீக்ஸ் தாளைக் கட்டுங்கோ பிள்ளை, பச்சையாய் வடிவாய் இருக்கும்" என்றார். வெங்காயத்தாள் மாதிரி நீளமான இலை. கடையில் கிடைக்கிற மஞ்சள் கிழங்கை அதோடு சேர்த்துக் கட்டினால் பானைக்குக் குறை தெரியாது.

மூன்றாவது வருடம் நாளையே மாற்றிவிட்டோம். 14ஆம் தேதி மாலை பால் மட்டும், பெரிய பொங்கல் 21ஆம் தேதி. அன்று ட்ரோம்சோவே சூரியனுக்காகக் காத்திருக்கும். 'சூல்பொல்லர்' என்று ஜாம் வைத்த உருண்டை பன்னைப் பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் தின்பார்கள், 'சூரிய பன்' என்று அர்த்தம். "தை எட்டாம் தேதியா பொங்கல் வைப்பாங்க?" என்று மாமியாருக்கு ஏகக் கோபம். வீடியோவில் மலை இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சத்தைக் காட்டினேன். இரண்டு நிமிஷம்தான், மேகம் மூடிவிட்டது. பேச்சே இல்லை. என்னவென்று பார்த்தால் செல்போனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் மகளிடம் கலாசாரம், பாரம்பரியம் என்று ஆரம்பிக்காதீர்கள், ஆறு வயசு. அந்தப் பாதாமை ஒளிக்கிற வேலையைக் கொடுங்கள், வகுப்பிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடச் சொல்லுங்கள். லீவு கிடைக்கும், கேட்கத்தான் வேண்டும். நார்வே திருச்சபையைச் சேராதவர்களுக்கு மதப் பண்டிகைக்காக வருடத்தில் 2 நாள் வரை வேலையிலும் பள்ளியிலும் விடுப்பு எடுக்கச் சட்டமே உரிமை தருகிறது. ஆபீஸில் 14 நாள் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தை வேறு நாளில் ஈடுகட்டச் சொல்லலாம், அதற்கு முகம் சுளிக்காதீர்கள்.

கேள்வி: தீபாவளிக்கு இங்கே பட்டாசு வெடிக்கலாமா?
– ஒரு வாசகர், ஓஸ்லோ

பதில்: கூடாது. தனியார் வெடிக்க டிசம்பர் 31 மாலை 6 மணியிலிருந்து ராத்திரி 2 மணி வரைதான் அனுமதி. நாங்கள் தீபாவளிக்கு அகல்விளக்கோடு நிறுத்திக்கொண்டு, பையன் பாக்கி வைத்த ஆசையைப் புத்தாண்டு ராத்திரியில் தீர்த்துக்கொள்வோம். பனியில் கால் விறைக்கும், அது தனி.

கேள்வி: பெர்கனில் இருக்கிற மகன் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போகிறேன். பால்கோவா எடுத்துப் போகலாமா?
– ஒரு வாசகி, திருவையாறு

பதில்: வேண்டாம் அம்மா. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் கொண்டுபோக முடியாது, விமான நிலையத்திலேயே குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். இன்னொன்று. மகன் வீட்டு ஃபிரிட்ஜில் பழுப்பாக ஒரு கட்டி இருந்தால் அது வெல்லம் இல்லை, 'ப்ருனோஸ்ட்' என்கிற சீஸ். என் மாமியார் ட்ரோம்சோ வந்தபோது யாரையும் கேட்காமல் அதைச் சீவி அரைக் கட்டியைப் பொங்கலில் போட்டுவிட்டார். யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.